டீசல் காரா, கேஸ் மாட்டிய பெட்ரோல் காரா: செலவை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் கார் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "டீசல் வண்டியா எடுக்கட்டுமா, இல்லை பெட்ரோல் வண்டி வாங்கி எல்.பி.ஜி. கிட் மாட்டிக்கட்டுமா?" நான் முதலில் டீசல் வைத்திருந்தேன், இப்போது சில வருடங்களாகக் கேஸ் மாட்டிய பெட்ரோல் வண்டி ஓட்டுகிறேன். ஆனாலும் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் ஒரே மாதிரி வண்டி ஒருவருக்கு லாபமாகவும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு நஷ்டமாகவும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"கண்ணை மூடிக்கிட்டு டீசல் வாங்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2012 வாக்கில் அது சரியான பேச்சுதான். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு நிலைமை மாறிவிட்டது, அதனால் பழைய கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

1. ஒரு மாத ஓட்டத்தை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் தினமும் கிலோமீட்டரை எழுதுங்கள். மொத்தத் தூரம் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் போய் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்பதும் வேண்டும். கேஸ் கிட் போட்ட வண்டி காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். டேங்கில் திரவமாக இருக்கிற கேஸை வேப்பரைசர் ஆவியாக்க வேண்டும், அதற்குச் சூடு இன்ஜினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் திரவத்தில் இருந்து வர வேண்டும், கூலன்ட் சூடாக ஒன்று இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். பிள்ளையை 3 கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவருக்கு ஓட்டத்தில் பெரும்பங்கு பெட்ரோலிலேயே போய்விடும். கிட் விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

2. உண்மையான மைலேஜை அளந்து பாருங்கள்

பெட்ரோல், டீசல் என்றால் எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: ஃபுல் டேங்க் போட்டு டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி ஓட்டுங்கள், மறுபடி ஃபுல் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்துவிடுங்கள்.

கேஸில் கொஞ்சம் கவனம் வேண்டும். பாதுகாப்புக்காக டேங்க் 80 சதவீதம் நிரம்பியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும், பங்க்கில் ஊழியர் திருகி மாட்டிய நாசிலைக் கழற்றும்போது "புஸ்" என்று ஒரு சத்தமும் வெள்ளைப் புகையும் வரும், புதிதாகப் பார்ப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. ஆனால் வெயிலில் கேஸ் விரிவடைவதால் அந்த 80 சதவீதம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே பங்க்கில், முடிந்தால் காலை நேரத்தில் நிரப்புங்கள், மூன்று நான்கு தடவை எடுத்து சராசரி போடுங்கள். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றுகிற ஸ்விட்ச்சில், கேஸ் அளவைக் காட்ட எரிகிற பச்சை விளக்குகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது சும்மா ஒரு அடையாளம்தான்.

பெட்ரோலில் வந்த மைலேஜ் கேஸில் வராது. ஒரு லிட்டர் எல்.பி.ஜி. அரைக் கிலோவை விடச் சற்றுத்தான் அதிகம், ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ அளவுக்கு வரும். லிட்டருக்குள் இருக்கிற சக்தியே குறைவு என்பதால் மைலேஜ் 20 முதல் 25 சதவீதம் இறங்கும்.

3. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்?

பெட்ரோல் 100, டீசல் 92, கேஸ் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் கொடுக்கிற சின்ன கார் கேஸில் 12 கொடுக்கும். அதே அளவு டீசல் கார் 18 கொடுக்கும் என்று வைப்போம்.

பெட்ரோல்: 100 ÷ 15 = 6.67 ரூபாய்.
கேஸ்: 60 ÷ 12 = 5 ரூபாய்.
டீசல்: 92 ÷ 18 = 5.11 ரூபாய்.

இங்கேயே நிறுத்தினால் கேஸ் ஜெயித்த மாதிரி தெரியும். ஸ்டார்ட்டிங் பெட்ரோலைச் சேருங்கள். ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் என்றால், 4.50 கூட்டல் 0.67, ஆக 5.17 ரூபாய். டீசலை விட 6 பைசா அதிகம்!

4. போட்ட காசு எப்போது திரும்பும்?

வெறும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் கேஸில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். கிட்டுக்கு 40,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்றால் சுமார் 26,700 கிலோமீட்டர் ஓடினால்தான் அது திரும்பும். மாதம் 1,000 ஓடுகிறவருக்கு இரண்டேகால் வருடம், 400 ஓடுகிறவருக்கு ஐந்தரை வருடம். இரண்டாவது ஆள் பேசாமல் பெட்ரோலிலேயே ஓட்டலாம் என்பது என் கருத்து.

இப்போது டீசல். கிட் செலவையும் சேர்த்த பிறகும் டீசல் வண்டி 60,000 ரூபாய் கூடுதல் விலை என்றால், அந்த 6 பைசாவை வைத்து அதை மீட்கப் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் ஹைவே ஓட்டம் வேறு கதை. நெடுஞ்சாலையில் டீசல் 22 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 4.18 ரூபாய். 34 லிட்டர் கேஸ் டேங்கில் 27 லிட்டர்தான் பிடிக்கும், 14 மைலேஜ் வைத்தாலும் சுமார் 380 கிலோமீட்டர். சென்னையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் திருச்சி தாண்டி விராலிமலை வரை நிம்மதியாகப் போகலாம், அதற்கப்புறம் வழியில் கேஸ் பங்க் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி வரை பெட்ரோல்தான், அது 17.5 மைலேஜில் 5.71 ரூபாய். மாதத்தில் பெரும்பாலும் இப்படிக் கேஸ் கிடைக்காத தூரம் ஓடுகிறவருக்கு டீசலில் ஒன்றரை ரூபாய் மிச்சம், 60,000 ரூபாய் 40,000 கிலோமீட்டருக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் வண்டி பார்ப்பதற்கு முன்பே உங்கள் வழியில் எங்கெங்கே கேஸ் பங்க் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பங்க்குக்குப் போய் வருவதற்கே 10 கிலோமீட்டர் என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

5. பராமரிப்பு

டீசலில் வருடாந்தர சர்வீஸ் கொஞ்சம்தான் கூடுதல், பயமுறுத்துவது இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச். பழுதானால் ஒரே பில்லில் பல ஆயிரம் போகும். பி.எஸ்.-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் என்றால் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டரும் உண்டு. தினமும் குட்டிக் குட்டித் தூரம் மட்டுமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். இதற்கென்று கிலோமீட்டருக்கு 50 பைசாவாவது தனியாக எடுத்து வையுங்கள்.

கேஸில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் சின்னச் செலவு. டேப்பெட்டை மட்டும் மறக்காதீர்கள், அதாவது இன்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம், அதற்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். என் வண்டி காலையில் ஐடிலில் உதற ஆரம்பித்தது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பில் ஏறியது, உதறல் நிற்கவில்லை. வேறொரு வயதான மெக்கானிக் இன்ஜின் மேல் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்கிற இடைவெளி அளக்கும் தகடுகளை விட்டுப் பார்த்தார். எக்ஸாஸ்ட் வால்வில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை, மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேஸ் வறட்சியாக எரிவதால் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து, வால்வு மெல்ல மேலே ஏறி, இடைவெளி மூடிவிடுகிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் டேப்பெட் இல்லாத இன்ஜின் என்றால் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஏற்கெனவே கேஸ் மாட்டிய வண்டி வாங்கினால்

ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு எல்.பி.ஜி.யும் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்சூரன்ஸிலும் கிட் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல். டிக்கியில் வீட்டுச் சிலிண்டர் மாட்டிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், அது சட்ட விரோதம், உள்ளே உட்காரப் போவது உங்கள் குடும்பம். டேங்க்கில் இருக்கிற பிளேட்டில் சோதனைத் தேதியைப் படியுங்கள். வண்டி ஆறியிருக்கும்போதே போய், ஸ்டார்ட் பண்ணி, கேஸுக்கு மாறுகிற நொடியில் இன்ஜின் திக்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.