கண்ணில் பவர் உள்ளவர்கள் நீச்சல் கண்ணாடி வாங்கும்போது

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 6.50, இடது கண்ணில் மைனஸ் 5. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வலது கண்ணுக்கு 15 சென்டிமீட்டர் தாண்டியதெல்லாம் மங்கல்தான். இப்படிப்பட்ட கண்ணோடு குளத்தில் இறங்கினால் எதிரே நீந்தி வருகிறவர், சுவர், ஓரத்தில் எழுதியிருக்கும் ஆழம், கோச் காட்டும் கை எதுவும் சரியாகத் தெரியாது. அதனால்தான் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி பாதுகாப்புக்கான பொருள் என்று என்னோடு நீந்துகிறவர்களிடம் விடாமல் சொல்கிறேன். மைனஸ் 1.50 வரை பவர் இல்லாத சாதாரண நீச்சல் கண்ணாடியிலேயே சமாளிக்கலாம். 2-ஐத் தாண்டியவர்கள் தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

முதலில் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டு வேண்டாம், புதிதாகப் பார்த்தது வேண்டும். அதில் ஸ்பியர் (கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வைக்கான பவர்), சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்), ஆக்சிஸ் (சிலிண்டர் வைக்க வேண்டிய கோணம்) என்று மூன்று எண்கள் இருக்கும். கடையில் தயாராகக் கிடைக்கும் நீச்சல் கண்ணாடிகளில் பெரும்பாலும் ஸ்பியர் பவர் மட்டும்தான் உண்டு. அதுவும் அரை அரையாக, 2, 2.50, 3 என்று ஏறும். சிலிண்டர் உள்ளவர்கள் அதில் பாதியை ஸ்பியரோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சீட்டில் ஸ்பியர் மைனஸ் 4, சிலிண்டர் மைனஸ் 1.50 என்று இருந்தால் மைனஸ் 4.75 என்று ஆகும். 4.75 கடையில் கிடைக்காது. 4.50, 5 இரண்டில் எது என்றால் 4.50-தான். மைனஸ் பவரில் நடுவில் மாட்டிக்கொண்டால் எப்போதும் குறைந்ததையே எடுங்கள். பவர் கூடிப்போனால் கண் விடாமல் இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும், தலைவலி வரும். கால் பவர் குறைந்தால் தூரத்துக் கடிகாரத்தின் முள் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

குறைத்து வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைனஸ் லென்ஸ் கண்ணுக்கு நெருங்க நெருங்க அதன் வீரியம் கூடும். மைனஸ் 8 உள்ளவருக்கு, மூக்குக் கண்ணாடியைவிட 4 மில்லிமீட்டர் நெருக்கமாக லென்ஸ் உட்கார்ந்தால் ஏறக்குறைய 7.75 போதும். பவர் குறைவானவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும் அரை பவர் குறைவது வசதிதான்; கைக்கடிகாரத்தைப் படிக்க முடியும்.

சிலிண்டர் 2-க்கு மேல் இருந்தால் இந்தக் கூட்டல் கணக்கை நம்பாதீர்கள். உங்கள் சீட்டின்படியே லென்ஸ் செய்து தருகிற ஆப்டிகல் கடையைத் தேடுங்கள். செலவு கூடும், ஆனால் கோணல்மாணலாகத் தெரியாது.

இரண்டு கண்ணிலும் ஒரே பவர் இல்லாதவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் சில மாடல்களில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் வைத்து விற்கிறார்கள். என்னைப்போல ஒன்றரை பவர் வித்தியாசம் உள்ளவர்கள் லென்ஸைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய மாடலைத்தான் வாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்படி வாங்கினால் இடது, வலது லென்ஸ், பட்டை, மூக்குப் பாலம் எல்லாம் தனித்தனியாக வரும், நாமே கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டு லென்ஸையும் இணைக்கும் மூக்குப் பாலத்தை ஏனோதானோவென்று தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு மூன்று அளவு மாட்டிப் பாருங்கள். பவர் கூடியவர்களுக்குக் கருமணிகள் லென்ஸின் நடுவுக்கு நேராக வரவேண்டும், விலகினால் காட்சி ஒரு பக்கமாக இழுக்கும்.

கோத்த பிறகு பக்கம் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், ஆப்டிகல் கடையில் கொடுத்தால் மெஷினில் வைத்து பவர் சொல்லிவிடுவார்கள்.

பொருத்தம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். பட்டையை மாட்டாமல், இரண்டு குழிகளையும் கண்ணைச் சுற்றி மெல்ல அழுத்திக் கையை எடுங்கள். சில விநாடிகள் தானாக ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு ஏற்றது. உடனே விழுந்தால் வேறு மாடல் பாருங்கள். ஒழுகுகிற கண்ணாடியைப் பட்டையை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, கண்ணைச் சுற்றித் தழும்பும் தலைவலியும்தான் மிச்சம்.

கடையில் மாட்டிப் பார்த்துத் தெளிவாகத் தெரிந்தால் தண்ணீருக்குள்ளும் தெரியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தெரியும். முன்பக்கம் தட்டையாக இருக்கும்படி செய்து, பவரை உள்பக்க வளைவில் வைத்திருப்பதால் தண்ணீர் பட்டாலும் பவர் மாறாது. தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகவும், உண்மையான தூரத்தில் முக்கால் பங்கு தூரத்திலும் தெரியும். அது பவரின் குறை இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது இதை மனதில் வையுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே சாதாரணக் கண்ணாடி மாட்டலாமே என்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் குழாய்த் தண்ணீரிலும் குளத்திலும் இருக்கிறது. குளத்தில் போடும் குளோரினுக்கு அது முழுவதும் சாவதில்லை. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சிக்கினால் பார்வையையே பறிக்கக்கூடிய புண் வரும். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை குளத்துப் பக்கமே போக வேண்டாம்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கூரை உள்ள குளத்துக்கு நிறமில்லாத லென்ஸ், வெயிலுக்குக் கருமை.

உள்பக்கத்தை விரலாலோ துண்டாலோ துடைக்காதீர்கள், ஆவி படியாமல் இருக்கப் பூசிய பூச்சு போய்விடும். நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஆழத்தில் மூழ்க இந்தக் கண்ணாடி ஆகாது. உள்ளே அழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லாததால் கண்ணைப் பிடித்து இழுக்கும். அதற்கு மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் வேண்டும், அதிலும் பவர் லென்ஸ் வைத்துத் தருகிறார்கள்.