லைப்னிட்ஸிடம் ஃப்ராய்டைத் தேடாதீர்கள்

நாம் அறியாமலேயே இயங்கும் நனவிலி மனம் என்றதும் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்டு நினைவுக்கு வருவது இயல்பு. அவர் பிறந்தது 1856இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, நாம் கவனிக்காத எண்ணற்ற புலனுணர்வுகள் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் வாதிட்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்துச் செய்வதுதான் பெரிய தவறு: அவரை ஃப்ராய்டின் முன்னோடி ஆக்கி, ஃப்ராய்டு சொன்ன அடக்கி வைத்த ஆசைகளை லைப்னிட்ஸின் எழுத்தில் தேடுவது.

லைப்னிட்ஸிடம் எதையும் யாரும் அடக்கி வைப்பதில்லை. கடலோரத்து இரைச்சலை அவர் உதாரணம் காட்டுகிறார். ஒவ்வோர் அலையின் ஓசையும் நமக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் துளியாவது மனதில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இத்தனை அலைகள் சேர்ந்தும் இரைச்சல் எங்கிருந்து வரும்? லட்சம் சூன்யங்களைக் கூட்டினாலும் சூன்யம்தானே. அவை நம் கவனத்துக்கு எட்டாததற்குக் காரணம் மிகச் சிறியவையாகவோ, ஏராளமாகவோ, பழகிப்போனவையாகவோ இருப்பதுதான். நனவு, நனவிலி என்று மனதுக்குள் இரண்டு அறைகள் இங்கே கிடையாது. படிப்படியான தெளிவு மட்டும்தான்.

சிறியவை என்பதால் அற்பமானவை என்று நினைத்துவிடவும் கூடாது. நம் ரசனைக்கும், காரணம் புரியாத அமைதியின்மைக்கும், வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்புவதற்கும்கூட இவைதான் காரணம் என்கிறார். கனவில்லாத தூக்கத்திலும் இவை நிற்பதில்லை. ஓர் உணர்வு இன்னோர் உணர்விலிருந்துதான் பிறக்க முடியும் என்பது அவர் கொள்கை. அப்படியானால் விழித்த கணத்தின் முதல் உணர்வுக்கு முன்னாலும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டுமே!

அப்புறம், ஆண்டுகளில் வரும் குழப்பம். இதையெல்லாம் விரிவாகப் பேசும் ‘மனித அறிவு பற்றிய புதிய கட்டுரைகள்’ ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு மறுப்பாக எழுதப்பட்டது. 1704இல் லாக் இறந்ததால் லைப்னிட்ஸ் அதை வெளியிடவில்லை. அவரும் 1716இல் இறந்துபோனார். நூல் அச்சேறியது 1765இல். ஆகவே லைப்னிட்ஸின் வழிவந்த தத்துவவாதியும் 1754இலேயே இறந்துவிட்டவருமான கிறிஸ்டியன் வோல்ஃப் அதைப் படித்துத்தான் மனதைப் பற்றி எழுதினார் என்று சொல்ல வழியில்லை.

பின்னால் வந்த ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் இந்தச் சிந்தனையையே ஒதுக்கிவிட்டார் என்பதும் பாதி உண்மைதான். 1798இல் வெளிவந்த மானுடவியல் நூலில், மனம் என்ற பெரிய வரைபடத்தில் வெளிச்சம் படும் இடங்கள் மிகச் சில என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மனிதன் தன்னைத் தானே எப்படி உருவாக்கிக்கொள்கிறான் என்பதுதான் அந்த நூலின் அக்கறை. வெளிச்சம் படாத இருண்ட எண்ணங்களோ அவன் கைக்கு அடங்காமல் அவனையே ஆட்டிவைப்பவை. அதனால் அவற்றின் ஆராய்ச்சியை இயற்கை மனிதனை என்னவாக ஆக்குகிறது என்று பார்க்கும் உடலியல் சார்ந்த மானுடவியலுக்கு விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.