ஒரு குவாசார் எவ்வளவு விழுங்குகிறது? கால்குலேட்டரோடு வாருங்கள்

குவாசார் என்பது பொருளை விழுங்கிக்கொண்டே பிரகாசிக்கும் ராட்சதக் கருந்துளை. கருந்துளைக்குள் பொருள் விழுவதை யாரும் நேரில் பார்த்து அளப்பதில்லை. விழும் வழியில் அது சூடேறி விடும் வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்கு. தூரத்தில் எரியும் செங்கல் சூளையைப் பார்த்தே ராத்திரிக்கு எத்தனை வண்டி விறகு போகும் என்று சொல்வது மாதிரி.

நாம் எடுத்துக்கொள்வது கன்னி விண்மீன் குழுவில் இருக்கும் 3சி 273 என்ற குவாசார். இதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) 15.8 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை 1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்த பிறகுதான், இது நம் பக்கத்து நட்சத்திரம் இல்லை என்றே தெரிந்தது.

படி 1: வெளிச்சம்

இதன் ஒளியளவு எண் (வானில் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு) சுமார் 12.8. அதாவது, ஒரு சதுர மீட்டரில் வந்து விழுவது 1.5 × 10⁻¹³ வாட். அந்தச் சிவப்புப் பக்க நகர்விலிருந்து (செம்பெயர்ச்சி) கிடைக்கும் தூரம் 2.3 × 10²⁵ மீட்டர். தூரத்தை வர்க்கமாக்கி, 12.57ஆல் (அதாவது 4π) பெருக்கி, மேலே உள்ள வாட்டாலும் பெருக்குங்கள்: சுமார் 10³⁹ வாட். முதல்முறை போட்டபோது நான் வர்க்கமாக்க மறந்துவிட்டேன். உலக மக்கள் செலவழிக்கும் ஆற்றலைப் போல வெறும் இரண்டு மடங்கு வந்தது. பாவம், குவாசார்!

படி 2: கண்ணுக்குத் தெரியாத மிச்சம்

புறஊதா, எக்ஸ் கதிர், அகச்சிவப்பு எல்லாம் சேர, தோராயமாக 10ஆல் பெருக்குவது வழக்கம். 10⁴⁰ வாட்.

படி 3: விழுங்கும் வேகம்

விழும் பொருளில் எத்தனை பங்கு ஒளியாக மாறுகிறது? பொதுவாக 0.1 என்று வைத்துக்கொள்வார்கள். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவே 0.007தான் தருகிறது. 10⁴⁰ஐ 0.1 × 9 × 10¹⁶ஆல் (9 × 10¹⁶ என்பது ஒளிவேகத்தின் வர்க்கம்) வகுத்தால், நொடிக்கு 1.1 × 10²⁴ கிலோ. ஐந்தரை நொடிக்கு ஒரு பூமி! வருடத்துக்குச் சுமார் 18 சூரியன்.

இந்தக் கணக்கில் நான் நம்பாத எண் அந்த 0.1தான். சுழலாத கருந்துளை என்றால் 0.06; அப்போது 29 சூரியன் வேண்டும். உச்ச வேகத்தில் சுழன்றால் 0.42 வரை போகும். அப்போது 4 போதும். மற்ற எண்களைத் திருத்துவதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 4: நிறை, அப்புறம் வரம்பு

நடுவில் வெளிச்சம் கூடிக் குறைந்தால், சுற்றியுள்ள வாயு சுமார் 146 நாள் கழித்து அதேபோல் கூடிக் குறைகிறது. ஆக, வாயு இருப்பது 146 ஒளிநாள் தூரத்தில். அந்த வாயுவின் நிறமாலைக் கோட்டின் அகலம் காட்டும் வேகம் நொடிக்குச் சுமார் 3,300 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் கருந்துளைக்குச் சுமார் 30 கோடி சூரிய நிறை.

ஒரு சூரிய நிறைக்கு 1.26 × 10³¹ வாட் என்பது எடிங்டன் வரம்பு. அதைத் தாண்டினால் ஒளியின் அழுத்தமே வாயுவை வெளியே தள்ளிவிடும். நம் கணக்கில் வரம்பு 3.8 × 10³⁹. குவாசாரோ அதைப் போல 2.6 மடங்கு. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம். வரம்பு எல்லாப் பக்கமிருந்தும் சமமாக விழும் வாயுவுக்கானது. இங்கே வாயு தட்டாகச் சுழன்று வருகிறது. நிறையிலும் இரண்டு மடங்கு பிசகு சகஜம். சிலியின் பரனால் மலையிலுள்ள கிராவிட்டி கருவி, இந்த 146 நாள் தாமதத்தைப் பயன்படுத்தாமல் வேறு வழியில் அளந்து, 2018இல் 26 கோடி என்றது. அதைப் போட்டுப் பாருங்கள், 3 மடங்கு வரும்.