சீல் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

வாங்கிய பழைய டீசல் பிக்கப்பில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் சொட்டியது. கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்தான் காரணம் என்று மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிப் புதியது போட்டார், கசிவு நிற்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கை மாற்றியும் பயனில்லை. பிறகு எஞ்சினைக் கழுவி உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி ஓடவிட்டபோது, கவரின் பின்விளிம்பு, சீல் ஆகிய இரண்டு இடங்களிலும் புதிதாகப் போட்டவற்றை மீறி ஆயில் கசிவது தெரிந்தது. அதைவிட விசித்திரம், அழுத்திச் செருகிய டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சற்று மேலெழும்பி நின்றதுதான். எஞ்சினுக்குள் அழுத்தம் தேங்குவதற்கு அதுவே போதுமான சாட்சி. உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரின் இரும்புக் குழாயைக் கழற்றியபோது, வளைவில் கரிக்கசடு தார்போல் இறுகி அடைத்திருந்தது. டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டியதும் டிப்ஸ்டிக் அசையவில்லை, சொட்டும் நின்றது. அப்பாடா! ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். புகை பீறிடவில்லை, பிஸ்டன் ரிங் தேயவில்லை என்று பொருள், ஆகவே அதை மாற்றும் செலவும் தப்பியது.