அதிகாலை மூன்று மணிச் சர்க்கரை

எனக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. முதல் பிரசவம் 34ஆம் வாரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. தாயின் இரத்தச் சர்க்கரை கூடும்போது வயிற்றிலுள்ள குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழித்துப் பனிக்குட நீர் பெருகி, கருப்பை அளவுமீறி விரிந்து, 37 வாரம் நிறையும் முன்பே வலி தொடங்கிவிடக்கூடும் என்பதை அதற்குப் பிறகே புரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை கருவுறுவதற்கு முன்னரே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 8.1 விழுக்காட்டிலிருந்து 6.3க்குக் கொண்டுவந்தேன். ஆயினும் 26ஆம் வாரத்தில், 95 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, 121 என்று அடம்பிடித்தது. இரவு உணவைக் குறைத்துப் பார்த்தேன். அது வீண் பட்டினி. பிறகு மருத்துவர் சொன்னபடி மூன்று இரவுகள் அலாரம் வைத்து, மூன்று மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தேன்: 109, 112, 107. நள்ளிரவில் தாழ்ந்து பின்னர் எகிறவில்லை, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் இரவு முழுவதும் உயர்ந்தே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. படுக்கும்முன் போடும் நீண்டநேர இன்சுலினை அவர் இரண்டிரண்டு யூனிட்டாகக் கூட்டச் சொன்னார். பத்து நாட்களில் காலை அளவு 90ஐ ஒட்டி நின்றது.

அதன்பின் எடுத்த ஸ்கேனில் பனிக்குட நீர் இயல்பாகவே இருந்தது. மகள் 38ஆம் வாரத்தில் பிறந்தாள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் தேவை சட்டென்று சரியும் என்பதால், அன்றிரவே என் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தார்கள். இதை எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.