எல்லாத் துணியையும் வாங்காதீங்க, உங்க ஜாக்கெட் எதுன்னு கண்டுபிடிங்க

மதுரை வில்லாபுரத்துல வீட்டு முன்ரூம்ல மெஷினப் போட்டு உக்காந்தப்ப எது வந்தாலும் வாங்குவேன், சுடிதார், ஸ்கூல் யூனிபார்ம், சேலைக்கு பால்ஸ், பேண்ட்டு ஜிப்புன்னு. எங்க தெருவுலயே இன்னும் நாலு பேரு இதத்தான் செய்றாங்க, அவங்க பத்து ரூபா கொறச்சா நானும் கொறைக்கணும். இப்ப வயசானவங்க ஜாக்கெட்தான் என் வேலை. அதுக்கு எப்படி வந்தேன்னு சொல்றேன், நீங்க தையல் இல்லைன்னாலும் படிங்க.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க, மூணு மாசம் விடாம எழுதுங்க. என்ன வேலை, எத்தன மணி நேரம், எவ்வளவு காசு, ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்துச்சா. அதோட இதுக்கு முன்னாடி எங்க தச்சாங்க, ஏன் அங்க போகலன்னு கேட்டு ஒரு வரி எழுதுங்க, அந்த வரிலதான் எல்லாம் இருக்கு. என் நோட்டுல திரும்பத் திரும்ப வந்தது அப்பத்தாக்கள்தான். "பின்னாடி ஏறிக்கிருது, முன்னாடி மடிஞ்சு நிக்கிது, எந்த டெய்லரும் சரியா தைக்க மாட்டேங்குறாங்க ஆத்தா"ன்னு ஒருத்தங்க இல்ல, ஏழெட்டுப் பேரு சொல்லிருக்காங்க. எல்லாரும் வேணாம்னு தள்ளுற வேலை, ஆனா தேவை இருந்துக்கிட்டே இருக்கு. அங்கதான் உங்களுக்கு எடம்.

ஒரே வேலையப் புடிச்சா எப்படின்னு தெரியணும்னா, மீனாட்சி கோயில் பக்கத்துல இருக்குற புதுமண்டபத்து டெய்லர்களப் பாருங்க. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுறவங்களுக்கு சல்லடம்ங்கிற அரைக்கால் சட்டை, தலைக்குக் கட்டுற உருமா எல்லாம் தைக்கிறது அவங்கதான். திருமலை நாயக்கர் கட்டுன மண்டபத்துல வரிசையா உக்காந்து தச்சவங்க, இப்ப கடைங்கள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு, ஆனாலும் வேஷம் கட்டுறவங்க விசாரிச்சு அங்கயே போறாங்க.

எடம் கெடச்சா மட்டும் போதாது, அதுல கைதேறணும். கூன் விழுந்தவங்களுக்கு மொத ஜாக்கெட்ட மூணு தடவ பிரிச்சேன், அப்பறம்தான் புரிஞ்சது, தப்பு வெட்டுறதுல இல்ல, அளவு எடுக்குறதுல. "நேரா நில்லுங்கம்மா"ன்னு சொல்லிச் சொல்லி அளந்தேன், அவங்க நேரா நிக்கிறது அந்த ரெண்டு நிமிஷம்தான! எப்பவும் நிக்கிற மாதிரியே நிக்க விட்டு, கழுத்து எலும்புலேர்ந்து கூன் மேல டேப்ப ஓட்டி இடுப்பு வரைக்கும் தனியா, முன்பக்கம் தனியா எடுங்க, பின்னாடி நீளம் கூடும், முன்னாடி கொறையும். ரெண்டு தோளையும், ரெண்டு கையையும் தனித்தனியா அளங்க, மார்ல ஆபரேஷன் ஆனவங்க சில பேருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கியிருக்கும், அதக் கேக்காம தச்சா கைய இறுக்கும், ரொம்ப வேதனை. கை தூக்க முடியாதவங்களுக்கு அக்குள்ல சதுரமா ஒரு சின்னத் துண்டு வச்சுத் தைங்க. வெரல் வலி இருந்தா கொக்கிக்குப் பதிலா பெரிய பிரஸ் பட்டன், அதுவும் முன்பக்கம்தான். வெல்க்ரோ போட்டுப் பாத்தேன், சேலை நூல இழுக்குது, விட்டுட்டேன்.

புதுசா எதையும் நல்ல துணில பழகாதீங்க, வெளுக்காத மலிவான காடா துணில வெட்டித் தச்சுப் போட்டுப் பாத்துட்டு அப்பறம் வெட்டுங்க. காட்டன் லைனிங்க ஒரு ராத்திரி நனச்சுக் காயப்போட்டுத்தான் வெட்டணும். குடுத்து ஒரு மாசம் கழிச்சு போன் போட்டு எங்க புடிக்கிதுன்னு கேளுங்க, நல்லா இருக்குன்னு சொன்னாலும் விடாதீங்க, நம்ம பெரியவங்க மனசு நோகும்னு கொறை சொல்ல மாட்டாங்க, அந்த ஜாக்கெட்ட எத்தன நாளு போட்டாங்கன்னு கேட்டா உண்மை தெரிஞ்சுரும்.

பழைய வேலைய ஒரே நாள்ல விட்டுறாதீங்க. ஜூன் மாசம் யூனிபார்ம்தான் எனக்கு வாடகை குடுத்துச்சு, ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன். அப்பறம் சுடிதார் வந்தா எதுத்த வீட்டு அக்காகிட்ட அனுப்ப ஆரம்பிச்சேன், அவங்க கூன் விழுந்தவங்கள எங்கிட்ட அனுப்புறாங்க.

கூலி சாதா ஜாக்கெட்ட விடக் கூடத்தான் வாங்குறேன், நேரமும் ரெண்டு மடங்கு ஆகுது, அத மொதல்லயே சொல்லிருவேன். மாடி ஏற முடியாதவங்களுக்கு சாயங்காலம் நானே டேப்பு, நோட்டு, ஊக்கு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன், போறப்ப அவங்க ரொம்ப விரும்பிப் போடுற பழைய ஜாக்கெட் ஒண்ணக் கேட்டு வாங்கிட்டு வந்துருவேன்.