அம்பாசடர் கதவு தொங்குகிறதா? கீலைச் சரிசெய்யும் முறை

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. வைத்திருப்பவர்கள் அதை விடுவதாக இல்லை. அந்த வண்டிகளில் பெரும்பாலும் முதலில் தொங்குவது ஓட்டுநர் பக்கக் கதவுதான், ஏனென்றால் அதைத்தான் அதிகம் திறந்து மூடுகிறோம். பட்டறைக்குப் போனால் பல இடங்களில் லாக் கொக்கியை (கதவு வந்து மாட்டிக்கொள்ளும், வண்டித் தூணில் உள்ள கொக்கி) சற்றுக் கீழே இறக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கதவு மூடும், ஆனால் கீல் தேய்ந்தபடியே இருக்கும். மழை பெய்தால் ரப்பர் பீடிங் ஓரமாகத் தண்ணீர் உள்ளே வரும். எனவே கொக்கியில் தொடங்காதீர்கள், முதலில் கீலைப் பாருங்கள். பத்மினி காருக்கும் பழைய ஜீப்புக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். இன்னொருவர் கீலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். கீலின் இரு பாதிகளையும் கோக்கும் கம்பியான ‘பின்’ ஆடினால் தேய்மானம். கீல் தகடே, அது மாட்டியிருக்கும் வண்டித் தூணோடு ஒட்டாமல் அசைந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது தூண் துருப்பிடித்திருக்கிறது. தூண் துரு என்றால் அது டிங்கர் வேலை. அதை முடிக்காமல் மேலே போவதில் பயனில்லை.

தேய்மானம்தான் என்றால், கழற்றும் முன் கீல் தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதன் மேல் பலகையும் மடித்த சாக்கும் போட்டு, எடை தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். கதவு அதிகம் விரியாமல் பிடிக்கும் பட்டையையும் கழற்றிவிடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், கதவைப் பிடிக்கக் கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும்.

ஸ்க்ரூக்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் இரவே விட்டுவிடுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் முனையைப் போட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் கழற்றுவது நல்லது. சாதாரண திருப்புளி தலையைத் தின்றுவிடும். சில வண்டிகளில் ஸ்க்ரூவின் மரை ஏறும் தகடு தூணுக்குள் தளர்வாக நிற்கும். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் எடுத்தால் அது உள்ளே விழுந்துவிடலாம், கவனம்.

கீலைக் கழற்றியதும் பின்னை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் வரிவரியாகப் பல் வெட்டியிருந்தால், பல் இல்லாத முனையில் பஞ்ச் வைத்து அடித்து வெளியே தள்ளுங்கள். அசையாவிட்டால் சூடாக்கலாம், ஆனால் வண்டியை விட்டுத் தள்ளி வைத்து.

அப்புறம் வெர்னியர் அளவுகோலால் அளவெடுங்கள். பின்னின் தேயாத பகுதி 8 மி.மீ, தேய்ந்த பகுதி 7.6 மி.மீ என்று வந்தால், ஆட்டத்துக்குக் காரணம் புரிந்துவிடும். துளை உருண்டையாகவே இருந்தால் புதுப் பின் மட்டும் போதும். முட்டை வடிவமாகியிருந்தால் துளையைச் சீராகப் பெரிதாக்கி, கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ், அதாவது பின் சுழல்வதற்கான சிறு குழாய், இறக்க வேண்டும். 8 மி.மீ பின்னுக்கு வெளி அளவு 10 மி.மீ புஷ் சரியாக வரும், ஆனால் துளையைச் சுற்றிப் போதுமான இரும்பு மிஞ்சுகிறதா என்று முதலில் பாருங்கள். கீலின் ஒரு பாதியில் பின் இறுகி நிற்கும், மறுபாதியில் சுழலும். புஷ் போட வேண்டியது சுழலும் பாதிக்குத்தான்.

இதற்கு லேத் வேண்டும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய பின்னையும் கீலையும் கையோடு கொண்டுபோய், ஈ.என் 8 என்ற எஃகுக் கம்பியில் பின் கடையச் சொல்லுங்கள். கட்டுமானக் கம்பியை வெட்டிப் போட்டால் சீக்கிரமே மறுபடி தொங்கும்.

மாட்டும்போது மேல், கீழ் கீல் இரண்டையும் கோட்டுக்குள் வைத்து ஸ்க்ரூவை லேசாக மட்டும் இறுக்குங்கள். கொக்கியைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தி, பின்பக்கக் கதவோடு உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுதாக இறுக்கலாம். கொக்கி கடைசியில்தான். கதவு தானாக வந்து நிற்கும் உயரத்துக்கு அதை அமைத்துவிடுங்கள்.

பின்னுக்கு ஒன்றிரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டி என்றால், பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கீலை அரைத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை துணியால் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள்.